பிக் மேக் என்று பெயர் வைத்தவர்

2016 நவம்பரில் ஜிம் டெல்லிகாட்டி தன் 98ஆவது வயதில் காலமானார். பிக் மேக் பர்கரை உருவாக்கியவர் என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அவருக்கு இரங்கல் குறிப்பு எழுதின. நியாயம்தான். அந்தப் பர்கர் அவர் கையில் உருவானது. ஆனால் அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கும்போது, இன்னொரு பெயர் தட்டுப்பட்டது: எஸ்தர் கிளிக்ஸ்டீன் ரோஸ். 1967இல் மெக்டொனால்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவின் செகரட்டரி. வயது 21. ‘பிக் மேக்’ என்ற பெயரைச் சொன்னது அவர்தான். அவ்வளவுதான் தகவல். டெல்லிகாட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது; இவருக்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரி அன்றிலிருந்து என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்த வேண்டும் என்றால், என் பிழைப்பே பெயர் வைப்பதுதான். ஊறுகாய், பொடி, முறுக்கு, செக்கு எண்ணெய் என்று சின்னச் சின்ன உணவுத் தயாரிப்பாளர்களுக்குப் பெயரும் பொட்டலத்தின் மேல் வரும் வாசகமும் எழுதிக்கொடுக்கிறேன். ஒரு பொருளுக்குப் பெயர் என்பது அதன் பாதி உயிர் என்பதை இந்தத் தொழிலில் தினமும் பார்க்கிறேன். ஹாம்பர்க் நகரத்துக்கும் ஹாம்பர்கருக்கும் உள்ள உறவெல்லாம் எல்லோரும் படித்ததே, அதற்குள் போகவில்லை. நான் பேச நினைப்பது இந்த இரண்டு சொற்களைப் பற்றி மட்டும். பிக், மேக்.

யூனியன்டவுன், 45 சென்ட்

டெல்லிகாட்டி மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் அதன் கிளை உரிமம் எடுத்துக் கடைகள் நடத்தியவர். நிலக்கரியும் எஃகும் சோறு போட்ட பூமி அது. உலையில் வேலை பார்த்துவிட்டு வருகிற ஆட்களுக்கு ஒரு சின்ன பர்கர் எந்த மூலைக்கு? பெரிதாக ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நிறுவனமோ பட்டியலில் எதையும் சேர்க்க மனமில்லாமல் இருந்தது. சின்னப் பட்டியல், ஒரே மாதிரி ருசி, மின்னல் வேகம் என்பதுதான் அவர்கள் கட்டிய சாம்ராஜ்யத்தின் அடித்தளம். கடைசியில் ஒரு கடையில் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார்கள், அதுவும் வழக்கமான பன்னைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு அடுக்கு இறைச்சியும் சாஸும் இலையும் அந்தச் சின்ன பன்னுக்குள் நிற்கவில்லை, கையெல்லாம் வழிந்தது. டெல்லிகாட்டி எள் தூவிய பெரிய பன் ஒன்றை வரவழைத்து, அதை மூன்றாகக் கீறி, நடுவில் ஒரு துண்டை வைத்தார். பிரச்சினை தீர்ந்தது. 1967இல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் அது விற்பனைக்கு வந்தது. விலை 45 சென்ட். சாதாரண ஹாம்பர்கர் அப்போது 18 சென்ட்தான். இரண்டு மடங்குக்கும் மேல் விலை வைத்தும் ஜனங்கள் வாங்கினார்கள். அந்தக் கடையின் விற்பனை 12 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டு நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு அடுக்கு பர்கர் புதிய விஷயம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவின் கிளென்டேலில் பாப் வையன் என்பவர் 1937லேயே நடுவில் பன் துண்டு வைத்த இரட்டை பர்கரைச் செய்திருந்தார். அதன் பெயர் பிக் பாய். அவர் கடையைச் சுற்றிக்கொண்டே இருந்த கொழுகொழு சிறுவன் ஒருவனை ‘பிக் பாய்’ என்று கூப்பிட்டதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். டெல்லிகாட்டியும் இதை மறைத்தவர் அல்ல. பல்பைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, இருந்த பல்பை எடுத்து மாட்டியவன் மட்டுமே என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிக் மேக்குக்காக அவருக்குத் தனியாக உரிமத்தொகை எதுவும் வரவில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்கிறேன். கையில் கிடைத்தது ஒரு நினைவுப் பட்டயம். கடைகள் நன்றாக ஓடின, அதில் சம்பாதித்தார்.

தோற்றுப்போன இரண்டு பெயர்கள்

பிக் மேக் ஆவதற்கு முன்னால் அந்தப் பர்கருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ‘அரிஸ்டோக்ராட்’. அதாவது பிரபு, சீமான். இன்னொன்று ‘ப்ளூ ரிப்பன் பர்கர்’. அங்கே கண்காட்சிப் போட்டிகளில் முதல் பரிசுக்கு நீல நாடா கொடுப்பார்கள், அதை வைத்து. இரண்டுமே எடுபடவில்லை. அரிஸ்டோக்ராட் என்ற பெயர் ஜனங்களுக்கு வாயிலும் நுழையவில்லை, மனதிலும் நுழையவில்லை.

என் தொழில் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. இரண்டுமே பொருளைப் புகழ்கின்றன. பட்டறையிலிருந்து வேலை முடித்து, கருப்பு அப்பிய கையோடு கவுன்டருக்கு முன்னால் நிற்கிற ஒரு மனிதர் ‘ஒரு பிரபு கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். கூச்சமாக இருக்காதா? நான்கு அசை வேறு. பின்னால் வரிசை நிற்கிறது, உள்ளே கொழுப்பு பொரிகிற சத்தம், கார்களின் இரைச்சல். பெயர் என்பது அந்தக் கூச்சலுக்குள் ஒரு தடவை சொன்னதும் உள்ளே இருப்பவருக்குக் கேட்டாக வேண்டும். பிக் மேக் இரண்டே அசை. இரண்டும் ‘க்’கில் போய் முட்டி நிற்கின்றன. வாயைத் திறந்து மூடுவதற்குள் சொல்லி முடிந்துவிடும்.

ஓசை பாதிதான். மீதி அந்த ‘மேக்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பேசப்படும் கேலிக் மொழிகளில் மேக் என்றால் மகன். அதன் சுருக்கம்தான் ‘மெக்’. மெக்டொனால்ட் என்றால் டோனால்டின் மகன். டோனால்ட் என்பதன் மூலப் பெயருக்கு உலகை ஆள்பவன் என்று பொருள் சொல்கிறார்கள். நாம் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வதற்கு ஏறக்குறைய இணையான வழக்கம் அது. ஆனால் 1967இல் அமெரிக்கத் தெருவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெயர் தெரியாத ஆளைக் கூப்பிட ‘ஹே மேக்’ என்பார்கள். டாக்சிக்காரரை, சுமை தூக்குபவரை, வழி கேட்க நேர்ந்த அந்நியரை. நாம் ‘அண்ணே’ என்போமே, அந்த இடம். ஆக, பிக் மேக் என்பது கம்பெனியின் பெயரைச் சுருக்கியதாகவும் இருந்தது, தெருவில் போகிற ஒருவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுவதாகவும் இருந்தது. பிரபுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அண்ணனை உட்கார வைத்தார் அந்த 21 வயதுப் பெண். இதையெல்லாம் அவர் யோசித்துத்தான் சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. நல்ல பெயர்கள் பெரும்பாலும் யோசித்து வருவதில்லை. அந்த மொழியை நாள் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருப்பவர் வாயில் தானாக வருபவை.

பல வருடங்கள் கழித்து, 1980களில்தான் நிறுவனம் அவரை அழைத்துக் கௌரவித்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் பிக் மேக் உலகத்தின் அளவுகோலாகவே ஆனது. ஒரு நாட்டின் பணத்துக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று பார்க்க, 1986இல் எக்கனாமிஸ்ட் பத்திரிகை பிக் மேக் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட ஆரம்பித்தது. இன்றும் செய்கிறது. மாட்டிறைச்சி விற்காத இந்தியக் கடைகளுக்காக 1996இல் அந்தப் பெயர் ‘மகாராஜா மேக்’ ஆனது. முதலில் துரத்தப்பட்ட பிரபு, இங்கே மகாராஜாவாகத் திரும்பி வந்தார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த ‘மேக்’கை மட்டும் யாரும் தொடவில்லை.

பில்லை டைப் செய்த அக்கா

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஈரோட்டில் ஒரு சிறிய விளம்பர நிறுவனம். பொடி வகைகள் செய்யும் ஒருவர் புதிய பொடிக்குப் பெயர் கேட்டு வந்திருந்தார். நாங்கள் எழுதிவைத்த பட்டியல் மேசையில் கிடந்தது. ராஜ, அமுத, சுவர்ண என்று ஆரம்பிக்கிற பெயர்கள். வந்தவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிக்கவில்லை என்பதன் மரியாதையான வடிவம் அது. கணக்கு எழுதும் அக்கா வவுச்சரில் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க அமுச்சி இதை இப்படித்தாங்க சொல்லும்” என்று தன் பாட்டியின் சொல் ஒன்றைச் சொன்னார். வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். முடிந்தது.

அந்தப் பொடி இன்றைக்கும் கடைகளில் தொங்குகிறது, அதனால் பெயரை எழுதவில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது அதற்கு மறுவாரம் நடந்தது. வாடிக்கையாளருக்கு பில் அனுப்ப வேண்டும். முதலாளி சொல்லச் சொல்ல அந்த அக்காதான் டைப் செய்தார். ‘பெயர் உருவாக்கம்’ என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. அந்தத் தொகை அவருடைய மாதச் சம்பளத்தைவிட அதிகம். டைப் செய்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோப்பில் குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். முதலாளி கெட்டவர் இல்லை, தீபாவளிக்குத் தவறாமல் புடவை எடுத்துக்கொடுப்பவர். அவருக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. எனக்கு அன்றைக்கே தோன்றியது, ஆனால் புதிதாகச் சேர்ந்தவன் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன். எஸ்தர் ரோஸைப் பற்றிய அந்த ஒன்றரை வரியைப் படித்தபோது என் கண் முன்னால் வந்து நின்றது டைப் அடித்துக்கொண்டிருந்த அந்த அக்காதான்.

பெயரை விற்றவர்கள்

சரி, பெயர் வைத்தவருக்குத்தான் ஒன்றும் இல்லை, பெயருக்கு உரியவர்களுக்காவது இருந்ததா? இதைத் தேடிப் போனால் கதை இன்னும் கனக்கிறது. மெக்டொனால்ட் என்பது ரிச்சர்ட், மாரிஸ் என்ற இரண்டு சகோதரர்களின் குடும்பப் பெயர். அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர்கள். 1940இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கடை திறந்து, 1948இல் அதை மொத்தமாக மாற்றியமைத்து 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் விற்றார்கள். இன்றைய துரித உணவுக் கடையின் முதல் வரைபடம் அந்தச் சமையலறைதான். 1961இல், அவர்கள் கடைக்குக் கிளை உரிமம் விற்றுப் பரப்பிக்கொண்டிருந்த ரே க்ராக்கிடம் 27 லட்சம் டாலருக்கு எல்லாவற்றையும் விற்றார்கள். தங்கள் முதல் கடையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர் போய்விட்டது. சொந்தக் குடும்பப் பெயரை சொந்தக் கடையின் பலகையில் எழுத முடியவில்லை. ‘தி பிக் எம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். க்ராக் அருகிலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்தார். சில ஆண்டுகளில் பிக் எம் மூடப்பட்டது.

அந்த அண்ணன் மாரிஸை எல்லோரும் கூப்பிட்ட பெயர் மேக். பெயருக்குச் சொந்தக்காரரான ஒரு மேக் தன் பெயரில் மிச்சமிருந்த ஓர் எழுத்தோடு கடை நடத்திக்கொண்டிருந்த அதே 1960களில்தான், அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்கு பிக் மேக் பிறந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஜாலான் ஈப்போவில் ஒரு கோழி

நான் இந்த விஷயத்தை வெறும் வருத்தமாக வைத்திருந்ததிலிருந்து, ஒரு நிலைப்பாடாக மாற்றியது கோலாலம்பூரில் நடந்த ஒரு வழக்கு. 1999இல் ஜாலான் ஈப்போவில் ஒரு மலேசிய இந்தியத் தம்பதி ‘மெக்கரி’ (McCurry) என்ற உணவகத்தைத் திறந்தார்கள். மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ரொட்டி சானாய், மீன் தலைக்கறி விற்கிற கடை. பர்கர் கிடையாது. சிவப்புப் பின்னணியில் வெள்ளையும் சாம்பலுமாக எழுத்து, பக்கத்தில் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக்காட்டிச் சிரிக்கிற ஒரு கோழி. இதுதான் பெயர்ப்பலகை. 2001இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. பெயருக்கு முன்னால் வரும் அந்த ‘மெக்’ எங்களுடையது என்பது வாதம். இந்த வாதம் ஏற்கெனவே ஜெயித்த வாதம். 1988இல் அமெரிக்காவில் ‘மெக்ஸ்லீப்’ என்று மலிவு விலை விடுதிகள் தொடங்க நினைத்த நிறுவனத்தை இதை வைத்துத்தான் நிறுத்தினார்கள். படுத்துத் தூங்குகிற இடத்துக்குக்கூட அந்த முன்னொட்டு கிடைக்கவில்லை.

கோலாலம்பூரிலும் முதலில் அப்படித்தான் ஆனது. 2006இல் உயர் நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தம்பதி விடவில்லை, மேல்முறையீடு செய்தார்கள். ஒற்றை உணவகம் நடத்துகிறவர்கள், எதிரே உலகத்தின் மிகப்பெரிய உணவு நிறுவனங்களில் ஒன்று. சமரசமாகப் பலகையை மாற்றி எழுதிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம் என்றுதான் யாரும் புத்தி சொல்லியிருப்பார்கள். 2009 ஏப்ரலில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. அது பார்த்த விதம்தான் எனக்கு முக்கியம். பலகையைப் பார்த்தது: இங்கே மெக்டொனால்ட்ஸின் மஞ்சள் வளைவுகள் இல்லை, கோழி இருக்கிறது. பட்டியலைப் பார்த்தது: எந்தப் பண்டத்தின் பெயரிலும் ‘மெக்’ இல்லை. சாப்பிட வருகிறவர்களைப் பார்த்தது: இரண்டு கடைக்கும் வேறு வேறு ஆட்கள். ஆகவே ‘மெக்’ என்ற முன்னொட்டை ஒரே நிறுவனம் தனக்கு மட்டுமென்று வைத்துக்கொள்ள முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளியது. எட்டு வருடம் இழுத்த வழக்கு முடிந்தது.

அதை முதலில் படித்தபோது நம் ஆட்கள் ஜெயித்தார்கள் என்ற சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதையும் தாண்டி ஒன்று பிடிபட்டது. மேக் என்பது கேலிக் பேசிய மக்களின் சொல். நூற்றாண்டுகளாக லட்சக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைக்கு அப்பாவின் பெயரைத் தர வைத்திருந்த சொல். அதை ஒரு குடும்பம் தன் பலகையில் எழுதியது, ஒரு வியாபாரி விலைக்கு வாங்கினார், ஒரு செகரட்டரி அதைச் சுருக்கிப் புது உயிர் கொடுத்தார், பிறகு நிறுவனம் அதைச் சுற்றி வேலி போட்டது. இத்தனை கை மாறியதில் கடைசிக் கைக்கு மட்டும் சட்டம் காவல் நிற்கிறது.

அயர்லாந்துக்காரர்களே பிறகு வழக்காடினார்கள் என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. கால்வே பக்கம் 1978இல் தொடங்கிய ‘சூப்பர்மேக்ஸ்’ என்ற உணவக நிறுவனம், அதன் நிறுவனர் பேட் மெக்டோனா விளையாட்டு மைதானத்தில் வாங்கிய பட்டப்பெயரிலிருந்து பெயர் எடுத்தது. ஐரோப்பாவுக்குள் விரிய நினைத்தபோது பிக் மேக் குறுக்கே வந்தது. 2019இல் ஐரோப்பிய வணிகச்சின்ன அலுவலகம் சூப்பர்மேக்ஸின் மனுவை ஏற்று பிக் மேக் பதிவையே ரத்து செய்தது. மேல்முறையீட்டில் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. கடைசியாக 2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், கோழி பர்கருக்கும் உணவகச் சேவைக்கும் அந்தப் பெயரை உண்மையாகவே பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை என்று அந்த வகைகளில் உரிமையை நீக்கியது. மாட்டிறைச்சி பர்கருக்கு அது அவர்களுடையதாகவே இருக்கிறது. இருக்கட்டும். பண்டம் அவர்களுடையது, பண்டத்தின் பெயரும் அவர்களுடையது. நகல் அடித்து விற்பவரிடமிருந்து அதைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வாடிக்கையாளர்களுக்கும் அதே காவலைத்தான் நான் வாங்கித் தருகிறேன்.

படிவத்தில் இல்லாத கட்டம்

நம் ஊரில் வணிகச்சின்னப் பதிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறவர்களுக்குத் தெரியும். விண்ணப்பதாரர் பெயர், முகவரி, என்ன பொருள், எந்த வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது எல்லாம் கேட்பார்கள். மசாலாவும் பொடியும் 30ஆவது வகுப்பு, உணவகம் 43. பெயரைச் சொன்னவர் யார் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. புத்தகம் எழுதியவருக்கு உரிமை உண்டு, பாட்டு எழுதியவருக்கு உண்டு, இயந்திரம் செய்தவருக்கு உண்டு. இரண்டு சொல் மட்டும் எழுதியவருக்குச் சட்டத்தில் இடமில்லை, சொல் அவ்வளவு சின்னதாக இருப்பதால். அந்தக் காரணமும் எனக்குப் புரிகிறது. சின்னச் சொற்களுக்கெல்லாம் உரிமை கொடுத்தால் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது, மெக்கரி தம்பதியே முதலில் மாட்டுவார்கள்.

ஆகவே நான் கேட்பது உரிமத்தொகை அல்ல. பெயர் சொன்னவரின் பெயர் எங்காவது எழுதப்பட வேண்டும், அதுவும் அவர் சொன்ன வருடத்திலேயே எழுதப்பட வேண்டும், பதினைந்து இருபது வருடம் கழித்து அல்ல. தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு நான் அனுப்பும் ஒவ்வொரு பில்லோடும் ஒரு தாளை இணைக்கிறேன். இந்தப் பெயர் எந்தத் தேதியில், யார் வாயிலிருந்து வந்தது என்று அதில் இருக்கும். சமயத்தில் அது வாடிக்கையாளரின் அம்மாவாக இருக்கும், பொட்டலம் ஒட்டுகிற பெண்ணாக இருக்கும், சில நேரம் நானாகவும் இருக்கும். மளிகைக் கடைக்காரர் ஒருவர் போன மாதம், “இது எதுக்குங்க, வரிக்குக் காட்டணுமா?” என்று கேட்டார். வரிக்கு வேண்டாம், கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.